கையில் தெரிவது காகிதத்தில் ஏற வேண்டும்

லாரியில் வருகிற கோளாறுகளில் வாரண்டியில் சரிசெய்து வாங்க மிகவும் கஷ்டமானது ஸ்டியரிங் கோளாறுதான். இன்ஜினில் ஏதாவது என்றால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபிறகு டீலர் பட்டறையில் லேப்டாப்பைச் செருகினால் கோளாறின் எண்ணே திரையில் வந்து நிற்கிறது. ஆயில் ஒழுகினால் தரை சொல்லிவிடும். ஸ்டியரிங்குக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை. எங்கள் பக்கம் ஓடும் லாரிகளில் அது பெரும்பாலும் இரும்பும் ஹைட்ராலிக் ஆயிலும்தான். சக்கரம் திரும்புகிற கிங் பின்னில் சென்சார் கிடையாது. ஓட்டுகிறவரின் கைக்கு மட்டுமே தெரிகிற கோளாறு அது. வாரண்டியோ முழுக்க முழுக்கக் காகிதத்தில் நடக்கிற வேலை. நாமக்கல்லில் லாரிகளின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, ஓட்டுநரின் கையில் இருப்பதைக் காகிதத்தில் ஏற்றுவதுதான் இதில் பாதி வேலை.

முதலில் ஓட்டுநரிடம் நிதானமாகப் பேச வேண்டும். 'ஸ்டியரிங் சரியில்லை' என்று ஒரே வரியில் சொல்வார்கள். அதற்குள் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் இருக்கும். 'இழுக்குது' என்றால் டயர் காற்று, ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், ஆக்சில் நகர்வு, ஏன், சாலையின் சரிவுகூடக் காரணமாகலாம். நம் சாலைகள் இடது ஓரத்துக்குச் சரிந்தவை; நல்ல வண்டியும் லேசாக இடது பக்கம் போகும். 'ஆடுது' என்றால் டை ராட் எண்டு, வீல் பேரிங், பேலன்சிங். 'பிளே இருக்கு' என்றால் ஸ்டியரிங் பாக்ஸ், யு.ஜே. கிராஸ், பால் ஜாயின்ட். 'கனமா இருக்கு' என்றால் பம்பு, ஆயில், பில்டர். லோடிலா காலியிலா, காலையில் எடுத்தவுடனா சூடேறிய பிறகா, நின்ற இடத்தில் திருப்பும்போதா ஓட்டத்திலா என்று நான் கேட்டுக்கொண்டே போவேன். ஓட்டுநர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே நோட்டில் எழுதிக்கொள்வேன். நம் வார்த்தைக்கு மாற்றி எழுதினால் விஷயம் தேய்ந்துபோகும்.

எங்கள் பத்து சக்கர வண்டி ஒன்றைப் பற்றி மூத்த ஓட்டுநர் ஒருவர் சொன்னது இது: "அண்ணா, வளைவுல திருப்புனா வண்டி திருப்புன பக்கமே போய்ட்டு இருக்குதுங்க. நாமதான் புடிச்சு இழுத்து நேருக்குக் கொண்டு வரோணும். தொப்பூர்ல எறங்கறப்ப கை வேர்த்துப்போச்சு." அந்தக் கணவாயைத் தெரிந்தவர்களுக்கு அவர் பயம் புரியும். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில், முழு லோடோடு, ஸ்டியரிங்கை நம்ப முடியாமல் வருவது உயிரோடு விளையாடுவது. வண்டி புதியது. வாரண்டி பாதிகூட முடியவில்லை.

திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வர வேண்டும். முன் சக்கரம் திரும்புகிற அச்சு, அதாவது கிங் பின், மேல்முனை சற்றே பின்னால் சாய்ந்திருக்கும். காஸ்டர் என்கிறோம். அந்தச் சாய்வினால்தான் ஓடும் சக்கரம் நேருக்கு வரப் பார்க்கிறது. அது வராமல் நின்றால், காஸ்டர் கெட்டிருக்க வேண்டும், அல்லது வழியில் எங்கோ இறுக்கம் இருக்க வேண்டும். ஓட்டுநர் சொன்னதைக் கேட்டவுடன் எனக்கு இரண்டாவதுதான் தோன்றியது. ஆனால் எனக்குத் தோன்றியதை வைத்து டீலர் ஒன்றும் செய்ய முடியாது.

டீலர் பட்டறையில் சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் எழுதியது 'வீல் அலைன்மென்ட் செக்'. காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். அலைன்மென்ட் பார்த்தார்கள், டோ-இன் சரிசெய்தார்கள், பில் கொடுத்தார்கள். "எம்டியா ஓட்டிப் பார்த்தோங்க சார், நல்லாத்தான் இருக்குது" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காலி வண்டியில் அது அவ்வளவாகத் தெரியாதுதான்.

ஆனால் ஜாப் கார்டில் விழுந்த அந்த மூன்று வார்த்தைகளிலேயே வாரண்டி கைவிட்டுப் போய்விடுகிறது. பெரும்பாலான வாரண்டி புத்தகங்களில் அலைன்மென்ட் பராமரிப்பு வேலை, காசு நம்முடையது. அடுத்த முறை 'வாடிக்கையாளர் புகார்' என்ற இடத்தில் நான் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன்: 'முழு லோடில், வளைவில் திருப்பிய பின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதில்லை, ஓட்டுநர் இழுத்துக் கொண்டுவர வேண்டியுள்ளது, இறக்கத்தில் ஆபத்து.' தேதி, ஓடிய கிலோமீட்டர், இரண்டும் போட்டு, நகல் வாங்கிக்கொண்டேன். புகாரில் என்ன தெரிகிறது என்பது மட்டும் இருக்க வேண்டும். என்ன காரணம் என்று நாம் எழுதினால், அந்தப் பாகத்தைப் பார்த்துவிட்டு 'நன்றாக உள்ளது' என்று கார்டை மூடிவிடுவார்கள். வாரண்டி காலத்துக்குள் பதிவான புகார், பிறகு காலம் முடிந்துபோனாலும் பேசுவதற்குக் கையில் இருக்கும்.

டீலரின் பக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். வாரண்டி வேலைக்கு அவர்களுக்குக் கூலி தருவது கம்பெனி. ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு மணி நேரம் என்று கணக்கு வைத்துத்தான் தரும். கோளாறைத் தேடி அலைகிற நேரத்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. புகார், காரணம், செய்த வேலை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் கிளெய்ம் திரும்பி வரும். மாற்றிய பாகத்தின் விலை டீலர் தலையில் விழும். கழற்றிய பழைய பாகத்தையும் அட்டை கட்டி வைத்திருக்க வேண்டும், கம்பெனி கேட்டால் அனுப்ப வேண்டும். இதனால்தான் அட்வைசர் தயங்குகிறார். அவரைத் திட்டி ஒரு பயனும் இல்லை. கிளெய்ம் திரும்பாது என்ற தைரியத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு நம்மிடம் சாட்சி வேண்டும்.

சாட்சி சேர்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வண்டியை நேராக நிறுத்தி ஸ்டியரிங் வீலின் உச்சியில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினோம். நேர் எதிரே டேஷ்போர்டில் இன்னொன்று. லோடு ஏற்றிய வண்டியை ஆளில்லாத யார்டில் மெதுவாக உருட்டி, முழுதாக ஒடித்து, கையைத் தளர்த்தினால் டேப் எங்கே வந்து நிற்கிறது என்று கிளீனர் பையன் செல்போனில் எடுத்தான். சரியான வண்டியில் டேப் நேரை நோக்கி ஓடி வரும். எங்கள் வண்டியில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. அதே யார்டில் எங்களுடைய இன்னொரு வண்டியையும் அதேபோல் எடுத்தோம். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியபோது அட்வைசர் ஒன்றும் சொல்லாமல் மேனேஜரைக் கூப்பிட்டார்.

அடுத்து வரப்போகும் கேள்வி ஓவர்லோடு என்று தெரியும். ஆகவே எடை மேடைச் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தோம். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடையை உயர்த்தியபோது, இரண்டு டயர் உள்ள முன் ஆக்சிலுக்கு 6 டன் என்பது 7 டன் ஆனது; பின்னால் இரட்டை ஆக்சிலுக்கு 19 என்பது 21 ஆனது. எங்கள் சீட்டுகள் அதற்குள்தான் இருந்தன. கிரீஸ் அடித்ததற்கான சர்வீஸ் பில்களும் அந்தக் கட்டிலேயே இருந்தன. அவைதான் பிறகு பெரிய உதவி செய்தன.

இன்னொரு பதிலும் வரும்: 'லிமிட்டுக்குள் இருக்கிறது.' 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி, ஸ்டியரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் பிளே இருக்கக் கூடாது என்கிறது. அரை மீட்டர் விட்டமுள்ள வீலில் 30 டிகிரி என்பது விளிம்பில் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். சாலையில் ஓட அனுமதிக்கிற கடைசி எல்லை அது. பத்து வருடம் உழைத்த வண்டிக்கும் அதுவே எல்லை. புது வண்டிக்கு அதைக் காட்டி வாயடைப்பது நியாயமில்லை. அந்த மாடலுக்குக் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலில் தனி அளவு இருக்கும். அதைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும், அளந்ததை ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். பிளே பார்க்கும்போது இன்ஜின் ஓட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவர் மேலே வீலை இப்படியும் அப்படியும் சிறிதாக ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்டாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் டீலரிடம் வருகிற நாளை முன்கூட்டியே கேட்டு, அன்றைக்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். பரீட்சை சிறியது. முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தார்கள். டிராக் லிங்கைக் கழற்றினார்கள். இப்போது ஸ்டியரிங் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை. தரையைத் தொடாத சக்கரத்தைக் கையால் திருப்பினால் ஒரு ஆள் பலத்தில் சுலபமாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. மெக்கானிக் டயரில் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. மேலே கேபினில் வீல் வெண்ணெயாகச் சுற்றியது. ஆக, பாக்ஸ், பம்பு, ஸ்டியரிங் காலம் மூன்றிலும் குற்றமில்லை, கீழேதான் இறுக்கம். டை ராடையும் கழற்றித் தனித்தனியாகத் திருப்பியபோது இடது சக்கரம்தான் என்று உறுதியாயிற்று. அதன் கிங் பின் நிப்பிள்களில் கிரீஸ் கன் வைத்து அடித்தார்கள். பின்னைச் சுற்றியிருக்கும் மேல் புஷ்ஷின் ஓரத்தில் கிரீஸ் பிதுங்கியது. கீழ்ப் புஷ்ஷில் கன் கைப்பிடி இறுகிக்கொண்டு நின்றதே தவிர ஒரு துளி வரவில்லை.

பிரித்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். பிரிக்கும்போது ஓனர் பக்கத்து ஆள் ஒருவர் கட்டாயம் பிட்டில் இருக்க வேண்டும். அப்போது கிடைக்காத போட்டோ பிறகு கிடைக்காது. கிங் பின்னின் கீழ்ப்பாதி காய்ந்து, துருநிறத் தூளும் சூட்டில் நீலம் பாரித்த கோடுகளுமாக வந்தது. புஷ்ஷைப் பார்த்தால், அதன் கிரீஸ் துளையும் அது உட்காரும் நக்கிளின் துளையும் நேராக இல்லை. அழுத்திப் பொருத்தும்போது புஷ் சற்றுத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. நிப்பிள் வழியாக அடித்த கிரீஸ் புஷ்ஷின் முதுகில் முட்டி நின்றிருக்கிறது. முதல் நாளிலிருந்தே அந்தப் புஷ் வறண்டுதான் ஓடியிருக்கிறது.

அங்கேயும் ஒரு பேச்சு நடந்தது. 'புஷ் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது' என்றார் ஏரியா மேனேஜர். உழைத்துத் தேய்வது வேறு, பொருத்தியதில் வந்த பிழையால் தேய்வது வேறு என்று சொல்லி, துளைகளின் போட்டோவையும் கிரீஸ் பில்களையும் அவர் முன் வைத்தேன். அவர் நேர்மையான மனிதர். டார்ச் அடித்துத் தானே குனிந்து பார்த்தார். இரண்டு பக்கமும் கிங் பின் செட் மாற்ற அங்கேயே ஒப்புதல் கொடுத்தார். முதலில் போட்ட அலைன்மென்ட் பில்லின் காசை மட்டும் திருப்பித் தரவில்லை.

வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் தவணை ஓடுகிறது. 'வெளியில் காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓனருக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் ஸ்டியரிங்கில் அதைச் செய்யவே கூடாது என்பேன். ரோட்டோரப் பட்டறையில் பாக்ஸின் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கித் தருவார்கள். ஸ்க்ரூவின் லாக் நட்டில் கம்பெனி வைத்த பெயின்ட் குறி உடைந்துவிடும். அந்தக் குறி உடைந்த வண்டிக்குக் கிளெய்ம் பேசுவது மலையேறுவது. அதைவிட மோசம், கீழே இருக்கும் இறுக்கத்தோடு பாக்ஸிலும் புது இறுக்கம் சேர்ந்து, எது மூலக் கோளாறு என்றே தெரியாமல் போய்விடும்.

சட்டத்துக்குப் போகிறேன் என்று எடுத்தவுடன் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் வழி தெரிந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வைத்திருப்பவரை ஏற்கிறது. பழைய சட்டத்திலேயே இருந்த இந்தக் கோட்டை உச்ச நீதிமன்றம் விளக்கிய 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு, கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் வாங்கிய ஒரு இயந்திரத்தைப் பற்றிய வழக்கில் வந்தது. ஒரே லாரியைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். ஒரே மாதிரிக் கோளாறு பல வண்டிகளில் வந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவில் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. அதற்காகவாவது ஓனர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, பூஜ்ஜியம் ரூபாய்க்கானாலும் பில் கேட்டு வாங்க வேண்டும். அதில் பாகத்தின் எண்ணும் செய்த வேலையும் இருக்க வேண்டும். மறுபடியும் அதே கோளாறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும். கிங் பின் மாற்றினால் டோ-இன் மறுபடி வைத்தாக வேண்டும்; அந்த அலைன்மென்ட் அதே வாரண்டி வேலையின் பகுதி, அதற்குத் தனிக்காசு கொடுக்க வேண்டியதில்லை. லோடு ஏற்றிய பிறகு அவர்கள் மெக்கானிக்கையே ஒரு நடை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். ஓரம் அரித்துப்போன முன் டயர்களுக்கு எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டயருக்கு வாரண்டி டயர் கம்பெனியிடம். ஸ்டியரிங் கோளாறால் தேய்ந்ததை அவர்கள் ஏற்பதில்லை. இந்த இரண்டு கம்பெனிக்கும் நடுவில் ஓனரின் காசு விழாமல் இருக்க யாராவது ஒரு வழி செய்ய வேண்டும்.

எங்கள் ஊரில் லாரியைச் சேஸிஸாக வாங்கி, பாடி கட்டும் பட்டறையில் விடுகிறோம். வாரண்டி நாள் வண்டி விற்ற அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடுகிறது. பாடி கட்டி முடிகிற வரை வண்டி உருளாமலே வாரங்கள் போகின்றன. இப்போது அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்கிறோம். சேஸிஸ் பட்டறைக்கு வந்ததும், தச்சர் கை வைக்கும் முன், முன் ஆக்சிலைத் தூக்கி நான்கு கிங் பின் புஷ்ஷிலும் கிரீஸ் அடிக்கிறோம். நான்கிலும் பிதுங்கி வர வேண்டும். வருகிறதைப் போட்டோ எடுத்து, கிலோமீட்டர் மீட்டரையும் எடுத்து வைக்கிறோம். ஏதாவது ஒன்றில் வரவில்லை என்றால் பாடி ஏறும் முன்பே டீலரிடம் ஜாப் கார்டு போட்டுவிடுகிறோம்.