யாக்கோபின் நடை

மலையடிவாரத்தில் குடியிருப்போருக்கு மலையைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குத்துக்கல்வலசையில் வீதிக்கு வந்து மேற்கே நோக்கினால் குற்றால மலை தெரியும். ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலைகளெல்லாம் வெளியூர் வண்டிகள்தாம். வருவோரைப் பார்த்துப் பார்த்து நம் மக்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். மலையை அறியாதவன் அதனிடம் தான் வேண்டியதைக் கேட்கிறான். அறிந்தவன் மலை சொல்வதைக் கேட்டு நடக்கிறான். விருந்தினரை வரவேற்றே பழகிய நாம், ஒருமுறை வேறொரு மலைக்கு விருந்தினராகச் சென்று இந்தப் பாடத்தைப் படிக்க நேர்ந்தது.

2022ஆம் ஆண்டு, தேவ அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா முடிந்த கையோடு, பங்குக் குடும்பத்தார் பதினால்வர் நம்மோடு இமயமலை யாத்திரைக்குப் புறப்பட்டனர். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், முன்னாள் இராணுவ வீரர் ஒருவர், கடை வைத்திருக்கும் தம்பதியர், வேலைக்குச் செல்லும் இளைஞர் மூவர் எனப் பலதரப்பட்ட கூட்டம். “வேளாங்கண்ணி இருக்க வடக்கே என்ன வேலை?” என்று கேட்டவர்களும் உண்டு. பணி முடித்துத் திரும்பிய சீடரைத் தனிமையான இடத்திற்குச் சென்று சற்று ஓய்வெடுக்குமாறு அழைத்தவர் நம் ஆண்டவர் அல்லரோ? உழைக்கும் குடும்பம் கடனில்லாமல் சேர்த்த பணத்தில் இறைவனின் படைப்பைக் காணச் செல்வது வீண் ஆடம்பரமாகாது.

திருநெல்வேலியில் திருக்குறள் விரைவு வண்டியேறி டில்லி சேர்ந்தோம். செங்கோட்டையையும் குதுப்மினாரையும் திரு இருதயப் பேராலயத்தையும் கண்டு, ஆக்ராவுக்குச் சென்றோம். தாஜ்மகாலைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலால் அதை விட்டுவிடுவோம். அந்நகரில் நம் உள்ளத்தைத் தொட்டது, அக்பர் ஆலயம் என்று வழங்கும் சிறிய பழைய கோவில். பேரரசர் அக்பரின் இசைவோடு இயேசு சபைக் குருக்கள் எழுப்பிய ஆலயம் அது. ஷாஜகான் காலத்தில் இடிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. இந்த ஆக்ராவிலிருந்துதான் 1624 மார்ச் 30ஆம் நாள் அந்தோனியோ தெ அந்திராதே என்னும் போர்த்துகீசிய இயேசு சபைக் குரு, சகோதரர் மனுவேல் மார்க்கேஸ் என்பவருடன் புறப்பட்டார். டில்லியில் பத்ரிநாத்துக்குச் செல்லும் இந்து யாத்திரிகர் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு, கங்கைக் கரை வழியே இமயத்தில் ஏறினார். அவர் நடந்த அதே திசையில் நாம் வண்டியில் சென்றோம். அரித்துவாரம், ரிஷிகேசம், தேவப்பிரயாகை, ஜோஷிமட் என்று ஊர்கள் உயர உயர, கீழே ஆறு நூலாகச் சுருங்கியது.

கோவிந்தகாட் என்னும் இடத்தில் நம்மை எதிர்கொண்டவர், நாற்பது வயதைத் தாண்டிய கடுவால் மலைநாட்டு வழிகாட்டி. அவருடைய இந்தியை நம் இராணுவ வீரர் மொழிபெயர்த்தார். புல்னா வரை வாடகை வண்டி. அதற்கு மேல் காங்கரியா சிற்றூருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஏற்றம். புறப்படுமுன் வழிகாட்டி ஒரு காரியம் செய்தார். எல்லாரையும் நிற்கவைத்துப் பார்த்து, முழங்கால் வலியுள்ள ஆசிரியையைத் தமக்கு அடுத்தபடியாக நிறுத்தினார். அவருக்குப் பின் கடைக்காரரின் மனைவி. அதற்குப் பின் நாம். இளைஞர் மூவரும் கடைசியில். “டீச்சரம்மாவை யாரும் தாண்டக் கூடாது” என்பது அவருடைய ஒரே சட்டம்.

இளைஞருக்கு இது கசந்தது. நான்கு மணியில் ஏறக்கூடிய வழிக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று. மட்டக்குதிரைகளும், முதியோரைக் கூடையில் வைத்து முதுகில் சுமந்து செல்லும் கூலியாட்களும் நம்மைக் கடந்துகொண்டே இருந்தனர். “சாமி, மாட்டுவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்போல இருக்கிறது” என்றார் ஓர் இளைஞர். நமக்கோ தொடக்க நூலின் முப்பத்து மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. இருபது ஆண்டுப் பகை தீர்ந்து கட்டித்தழுவிய ஏசா, தம்பியை உடன் நடந்து வருமாறு அழைக்கிறான். யாக்கோபோ இசையவில்லை. பிள்ளைகள் இளைஞர், மந்தையில் பால் கொடுக்கும் ஆடுமாடுகள் உள்ளன, ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் அவை மாண்டுபோகும், ஆகையால் பிள்ளைகளும் மந்தையும் நடக்கும் அளவிற்கே தானும் மெல்ல வருவதாகச் சொல்லிவிடுகிறான். விவிலியத்தில் எத்தனையோ வீரர் நடை உண்டு. குடும்பத் தலைவனின் நடை இது.

மறுநாள் மலர்ப் பள்ளத்தாக்கு. 1931ஆம் ஆண்டு காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரும் அவருடைய தோழர்களும் வழியில் இப்பள்ளத்தாக்கைக் கண்டு வியந்தனர். 1938இல் அவர் எழுதிய நூலால் உலகம் இதை அறிந்தது. 2005 முதல் இது உலகப் பாரம்பரியச் சின்னம். இரவு தங்க அனுமதியில்லை. காலையில் நுழைந்து மாலைக்குள் வெளியேறிவிட வேண்டும். புஷ்பவதி ஆற்றுப் பாலத்தைக் கடந்து செங்குத்தாக ஏறினால், இருபுறமும் பனிமலை காவல் நிற்க, நடுவே பூக்கள். ஆள் உயரத்திற்கு அடர்ந்து நின்ற இளஞ்சிவப்புப் பூக்களை உற்றுப் பார்த்த கடைக்காரரின் மனைவி, “இது நம் வீட்டுக் காசித்தும்பை மாதிரியல்லவா?” என்றார். உண்மையில் அது காசித்தும்பையின் இனமே. முற்றத்துப் பூவின் உறவை மூவாயிரம் மீட்டருக்கு மேலே கண்டபோது, படைத்தவரின் கை ஒன்றே என்பது விளங்கிற்று.

நாம் காண விரும்பியது பூக்களை மட்டுமன்று. பள்ளத்தாக்கின் உள்ளே ஒரு தனிக் கல்லறை இருக்கிறது. தாவரங்களைச் சேகரிக்க 1939இல் வந்து, பாறைச் சரிவில் தவறி விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை அது. மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்தும் 121ஆம் திருப்பாடலின் தொடக்க அடி அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நம் ஆசிரியை முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்த திருப்பாடல்! அக்கல்லறையருகே நின்று அதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவர் வந்திருந்தார்.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. நண்பகலில் மீண்டும் தூறல் தொடங்கிற்று. கல்லறைக்குச் செல்லும் வழியில் ஓர் ஓடை குறுக்கிட்டது. கற்களில் கால் வைத்துக் கடக்கத்தக்க ஓடைதான். வழிகாட்டி அதன் கரையில் நின்றார். தண்ணீரைப் பார்த்தார், மேலே முகில் மூடிய சரிவைப் பார்த்தார். திரும்பி, “இன்று இவ்வளவுதான்” என்றார்.

இளைஞர் பொறுக்கவில்லை. “சாமி, இன்னும் கொஞ்ச தூரம்தான். இவ்வளவு பணம் செலவழித்து இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா? டீச்சரம்மாவை நாங்கள் தூக்கிக்கொண்டு போகிறோம்” என்றனர். அன்பில் பிறந்த சொல்தான். வழிகாட்டி வாதாடவில்லை, தண்ணீர் கலங்கி வருகிறது என்று மட்டும் சொன்னார். எல்லாரும் நம் முகத்தைப் பார்த்தனர். நாம் வாய் திறக்குமுன் ஆசிரியை பேசினார்.

“தம்பி, ஐந்தருவியில் தண்ணீர் கலங்கி வந்தால், குளிக்கிற வெளியூர்க்காரரிடம் நம் ஊர்க்காரர் என்ன சொல்லுவார்?”

“வெளியே வரச் சொல்லுவார், டீச்சர்.”

“காசு செலவழித்து வந்தேன் என்று அவர் சொன்னால்?”

இளைஞர் தலைகுனிந்தார். ஆசிரியை ஓடைக்கு அப்பால் ஒருமுறை பார்த்துவிட்டு, கைத்தடியை ஊன்றித் திரும்பினார். வழிகாட்டிக்கு அடுத்தபடியாகத் தம் இடத்தில் நின்றுகொண்டார்.

அன்று வெள்ளம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மாலையில் மழை நின்று வானம் வெளுத்தது. காங்கரியாவில் அனலருகே அமர்ந்திருந்த அந்த இளைஞர், “பார்த்தீர்களா சாமி, ஒன்றும் ஆகவில்லையே!” என்றார். அக்கேள்வியை நாம் இன்றுவரை மறக்கவில்லை. விவேகம் என்னும் புண்ணியத்தின் கடினமே இதுதான். அது காத்த உயிரை எவரும் எண்ணிக் காட்ட முடியாது. விபத்து நேர்ந்தால்தான் எச்சரித்தவன் அறிவாளி. நேராவிட்டால் அவன் கோழை. இரவில் வண்டியோட்ட வேண்டாம் எனும் தாயையும், இந்தக் கடன் வேண்டாம் எனும் மனைவியையும் நம் வீடுகளில் எத்தனை முறை இப்படிக் கேட்டிருக்கிறோம், “ஒன்றும் ஆகவில்லையே!” என்று!

திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் இளங்குருவாக இருக்கையில் பெரும் மலையேறி. 1889இல் ஆல்ப்ஸ் மலையின் மோந்தே ரோசாவில் ஏறியவர். மலையேறுதல் முரட்டுத் துணிவன்று, விவேகமே என்பது அவர் கருத்து. 1923இல் மலையேறுவோரின் பாதுகாவலராக அவர் அறிவித்த மெந்தோன் நகர்ப் புனித பெர்நார்து, சிகரம் தொட்ட வீரரல்லர். கணவாயில் வழி தவறியோர்க்கு விடுதி அமைத்தவர்.

அன்றிரவு விடுதி அறையிலே திருப்பலி நிறைவேற்றினோம். கல்லறையருகே சொல்லவிருந்த திருப்பாடலை ஆசிரியை அங்கே சொன்னார். மொழி புரியாவிட்டாலும் வழிகாட்டி வாசற்படியருகே கைகூப்பி நின்றார்.

பிறகு பத்ரிநாத்தைத் தாண்டி, திபெத்து எல்லையை அடுத்த மாணா சிற்றூர் வரை சென்றோம். அந்திராதே அடிகளின் வழி அங்கிருந்துதான் கணவாய்க்கு ஏறுகிறது; உயரம் 5,600 மீட்டர் அளவு. பனி உருகுமுன் புறப்பட்ட அவருக்கு மாணாவிலிருந்து ஒரு வழிகாட்டி துணை வந்தான். பின்தொடர்ந்து வந்தோர் அச்சுறுத்தவே அவன் திரும்ப நேர்ந்தது. அடிகள் இரு பணியாளரோடு மேலும் நடந்தார். உறைபனியில் விரலின் ஒரு பகுதி உணர்வின்றியே இற்று விழுந்தது. பனியொளியில் கண்கள் மங்கின. இறுதியில் அவரும் திரும்பினார். பனி உருகக் காத்திருந்து, மீண்டும் ஏறி, அவ்வாண்டு ஆகஸ்டிலே திபெத்தின் சப்பராங் நகரை அடைந்தார். திரும்பியதால் அவருடைய மறைபணி கெடவில்லை. திரும்பியதாலேயே அது நடந்தது.

2024 மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து, குளிக்க வந்த பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்ததை நீங்கள் அறிவீர்கள். மறுநாள் காலை அந்த இளைஞர் நம்மைத் தேடி வந்தார். இமயத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. அச்சிறுவனுக்காகவும் அவன் பெற்றோருக்காகவும் திருப்பலியில் மன்றாடுமாறு கேட்டுவிட்டுச் சென்றார்.

விடுமுறைக்கு மலை நாடும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். உள்ளூர் வழிகாட்டியின்றி மலையேறாதீர்கள். அவருடைய கூலியைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். காங்கரியா போன்ற ஊர்கள் பனிக்காலத்தில் ஆளின்றிக் கிடக்கும். சில மாத வருவாயில்தான் அவர்கள் ஆண்டு முழுதும் வாழ வேண்டும். திரும்பச் சொல்லும் வழிகாட்டிக்கு, சிகரம் காட்டிய வழிகாட்டிக்குக் கொடுப்பதினும் கூடுதலாகவே அன்பளிப்பு கொடுங்கள். இமயம் வரை செல்ல இயலாதோர்க்கும் குறையில்லை. 2024 அக்டோபரில் நம் வனத்துறை வழிகாட்டிகளோடு திறந்த 40 மலைப்பாதைகளுள் குற்றாலம் செண்பகாதேவி அருவிப் பாதையும் ஒன்று.

எல்லாவற்றிற்கும் மேலாக, யாரை முன்னே நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள். முழங்கால் நோகும் பாட்டியை, பாடம் ஏறாத பிள்ளையை, நோயுற்ற சகோதரனைப் பின்னே விட்டுவிட்டு விரைந்து செல்லும் குடும்பம் எங்கோ போய்ச் சேரலாம். ஆனால் குடும்பமாகப் போய்ச் சேராது. ஏசா தன் வேகத்தில் சென்று அன்றே ஊர் திரும்பினான். யாக்கோபு பின்னால், மெல்ல, ஒருவரையும் இழக்காமல் வந்து சேர்ந்தான். ஆண்டவரின் வாக்குறுதி அவனோடுதான் நடந்தது.