ஊர் திரும்பியவரின் இரண்டு ரக்அத்

ஏட்டில் பூவிருந்தவல்லி, பேச்சில் பூந்தமல்லி. சென்னைக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையின் மீது அமைந்த இவ்வூரைப் பலரும் கடந்து செல்கிறார்களே தவிர, நின்று பார்ப்பவர் சிலரே. கடந்து செல்வோரின் ஊர் என்பதே இதன் வரலாறும் ஆகும். கோல்கொண்டாவின் படைகள் இவ்வழியே வந்தன. ஆங்கிலேயர் காலத்தில் அவர்களுடைய படைவீரர்களுக்கு இது தங்குமிடமாயிற்று. இன்றும் காஞ்சிபுரம், வேலூர், பெங்களூர் செல்லும் ஊர்திகள் இரவும் பகலும் இதனூடே ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவ்வூரின் பழைய பள்ளிவாசல் 1653ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. கோல்கொண்டாவின் அப்துல்லாஹ் குத்புஷா ஆட்சி புரிந்த காலம் அது. மீர் ஜும்லாவின் ஊழியரான ருஸ்தம் என்பவர் இதைக் கட்டினார் என்று அங்குள்ள பாரசீகக் கல்வெட்டு கூறுகிறது. அவருடைய ஊர் அஸ்தராபாத்; காஸ்பியன் கடலுக்கு அருகே, இன்று குர்கான் என்று வழங்கும் ஈரானிய நகரம். எங்கோ பிறந்தவரின் பெயர் நம் பூந்தமல்லியில் கல்லில் தங்கிவிட்டது. அவருடைய தலைவர் மீர் ஜும்லாவும் ஈரானில் பிறந்தவரே. வைர வணிகராக வந்து, அமைச்சராகி, பின்னர் மொகலாயருடன் சேர்ந்து அஸ்ஸாம்வரை படை நடத்தி, அங்கிருந்து திரும்பும் வழியில் 1663இல் மறைந்தார். அவருடைய அடக்கத்தலம் அஸ்ஸாமின் மன்காச்சாரில் இருக்கிறது. பிறந்த மண் எங்கே, மண்ணறை எங்கே!

சில மாதங்களுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் படியருகே நின்றிருந்தேன். வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. மேலே பெட்டிகள் கட்டப்பட்டிருந்தன. இறங்கியவர் முகத்தில் பயணக் களைப்பு. யாருடனும் பேசாமல் உளூச் செய்துவிட்டு உள்ளே சென்று தொழுதார். வெளியே வந்தபோதுதான் என்னைக் கண்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஹஜ்ரத்! என்னைத் தெரிகிறதா?"

தெரியாமல் என்ன? அவருடைய மகள் எங்கள் மக்தபில் குர்ஆன் ஓதி முடித்தவள். ஆவடியைச் சேர்ந்தவர், சரக்குக் கப்பலில் இயந்திர அறைத் தொழிலாளி. இருபத்தாறு ஆண்டுகளாக உலகத்தின் துறைமுகங்களையெல்லாம் சுற்றி வருபவர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு என்பதே அவருடைய வாழ்க்கை. மீனம்பாக்கத்தில் இறங்கி ஆவடிக்குப் போகும் வழியில், வீட்டு வாசலை மிதிக்குமுன் இந்தப் பள்ளியில் தொழுதுவிட்டுச் செல்வது அவர் வழக்கமாம். சிறு பிள்ளையாக இருந்தபோது பெருநாள் தொழுகைக்குத் தகப்பனார் கைப்பிடித்து அழைத்து வந்த பள்ளி இது என்றார்.

அவர் அறிந்து செய்தாரோ, பழக்கத்தால் செய்தாரோ, அது அழகிய சுன்னத்தாகும். பெருமானார் (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவார்கள். நெடுநாள் பிரிந்திருந்தவர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டாரிடம் திடீரென்று சென்று நிற்பதை விரும்பமாட்டார்கள். போன காரியம் முடிந்ததும் தாமதிக்காமல் குடும்பத்தாரிடம் திரும்பிவிடும்படியும் அறிவுறுத்தியுள்ளார்கள். ஊர் திரும்பும் வேளையில் அவர்கள் கற்றுத்தந்த துஆவிலும் ஒரு நுட்பம் உண்டு: வீட்டுக்குத் திரும்புகிறவன், அதே மூச்சில் தன் இறைவனிடமும் திரும்புகிறான்.

"நீங்களும் ஆவடிப் பக்கம்தானே, ஏறிக்கொள்ளுங்கள் ஹஜ்ரத்" என்றார். ஏறிக்கொண்டேன். சென்னீர்குப்பம் தாண்டி, காடுவெட்டியில் கூவத்தைக் கடந்து, பருத்திப்பட்டு ஏரி வரையிலும் அவர் சன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு வயல் குறைந்திருக்கும், ஒரு தெரு கூடியிருக்கும். அத்தா வந்த காலத்தில் இங்கே இருட்டினால் நரி ஊளையிடுமாம்" என்றார்.

அவருடைய அத்தா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். இந்த மேற்குப் புறநகரங்களின் கதையே அதுதான் அல்லவா? 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் இரயில் இவ்வழியேதான் சென்றது. 1955இல் காங்கிரஸ் மாநாடு ஆவடியின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. அறுபதுகளில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. நெல்லையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் வந்தவர்கள் வாடகை வீட்டில் தொடங்கி, மனை வாங்கி, பள்ளிவாசல் கட்டி, கபரஸ்தானுக்கு இடம் தேடினார்கள். ஓர் ஊரில் நம்மவர் ஒருவரை அடக்கம் செய்த பிறகுதான் அது நமக்குச் சொந்த ஊராகிறது. வந்தவர்களின் பிள்ளைகள் அம்பத்தூர்ப் பட்டறைகளில் லேத்தும் வெல்டிங்கும் கற்றுக்கொண்டு, வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் புறப்பட்டார்கள். இவரும் அவ்வாறு புறப்பட்டவரே.

ஏரிக்கரையோரம் வாகன நெரிசலில் கார் நின்றது. அப்போதுதான் அவர் மனம் திறந்தார்.

2020ஆம் ஆண்டு. கொரோனாத் தொற்றால் துறைமுகங்கள் மூடப்பட்டன. ஒப்பந்தம் முடிந்த மாலுமிகளும் கரையிறங்க முடியாமல் போயிற்று. அவ்வாண்டின் இறுதியில் உலகெங்கும் ஏறத்தாழ 4 இலட்சம் மாலுமிகள் கப்பல்களில் சிக்கியிருந்தனர். அவர்களுள் இவரும் ஒருவர். பதினைந்து மாதம் தரையை மிதிக்கவில்லை. அந்த நாள்களில்தான் அத்தா மவுத்தானார். ஜனாஸாவைக் கைபேசித் திரையில் காட்டினார்கள். கடல் நடுவே தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. முகத்தை மூடும் நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டதாம்.

"மறுபடி தொடர்பு வந்தபோது எல்லாம் முடிந்து, வெறும் தெருவைத்தான் காட்டினார்கள் ஹஜ்ரத்."

சிறிது நேரம் இருவருமே பேசவில்லை. பிறகு அவர் கேட்டார்:

"இந்தத் தடவையோடு நிறுத்திக்கொள்வதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். இப்போது இன்னொரு ஒப்பந்தம் வந்திருக்கிறது. ஒன்பதே மாதம். மகள் கல்யாணம் இருக்கிறது. அம்மாவுக்கு எண்பது ஆகிறது. ஒரே ஒரு தடவை போய் வந்துவிடட்டுமா?"

ஹலாலான சம்பாத்தியம் தேடிக் கடல் கடப்பவரைப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? குடும்பத்துக்காக உழைப்பதும் வணக்கமே. அதனால் தீர்ப்பு ஏதும் கூறாமல், கல்லூரியில் வரலாறு பயின்ற நாளில் படித்த ஒரு பயணியின் கதையைச் சொன்னேன்.

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்தவர் இப்னு பதூதா. 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம், இருபத்தொரு வயதில், ஹஜ்ஜுக்கென்று தனியாகப் புறப்பட்டார். தாயும் தந்தையும் அப்போது உயிருடன் இருந்தார்கள். அவர்களைப் பிரிந்த வேதனையை அவரே பதிவு செய்துள்ளார். ஹஜ் முடிந்தும் கால்கள் நிற்கவில்லை. எகிப்து, சிரியா, இராக், கிழக்கு ஆப்பிரிக்கா என்று சுற்றி டெல்லிக்கு வந்து, முஹம்மது பின் துக்ளக்கிடம் காஜியாகப் பணியாற்றினார். மாலத்தீவிலும் காஜியாக இருந்தார். இலங்கையில் பாவா ஆதம் மலையில் ஏறினார்.

இலங்கையிலிருந்து புறப்பட்டவர் கப்பல் சேதமுற்று நம் தமிழகக் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையில் சுல்தானாக இருந்த கியாஸுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. இருவரும் அக்காள் தங்கையை மணந்தவர்கள். மதுரையில் அந்நேரம் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோயுற்றவர்கள் இரண்டு மூன்று நாளில் மாண்டார்கள். இப்னு பதூதாவையும் கடும் காய்ச்சல் பிடித்தது. உயிர் பிழைக்கமாட்டோம் என்று எண்ணிய வேளையில், புளியைக் கரைத்துக் குடித்தார். வயிறு கழிந்து உடல் தேறியது என்று எழுதுகிறார். நம் வீட்டுச் சமையலறைப் புளிதான்! அல்லாஹ் நாடினால் மருந்து எங்கிருந்தும் வரும்.

சீனம்வரை சென்று திரும்பிய அவர், 1348இல் டமாஸ்கஸ் வந்து சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் கருவுற்ற மனைவியை அந்நகரில் விட்டுச் சென்றிருந்தார். இந்தியாவில் இருந்தபோது மகன் பிறந்த செய்தி கேட்டு, அந்தப் பிள்ளையின் பாட்டனாருக்கு 40 பொற்காசுகள் அனுப்பியும் வைத்தார். இப்போது வந்து விசாரித்தால், மகன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்நகரில் தம் ஊர்க்காரரான அறிஞர் ஒருவரைக் கண்டு பெற்றோரைப் பற்றிக் கேட்டார். தந்தை மறைந்து பதினைந்து ஆண்டுகள்; தாய் இன்னும் உயிருடன் இருக்கிறார் என்று விடை வந்தது.

அதே ஆண்டில்தான் பெருங்கொள்ளைநோய் சிரியாவையும் எகிப்தையும் சூறையாடியது. டமாஸ்கஸ் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்தார்கள். முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக ஊர்வலம் சென்று இறைவனிடம் மன்றாடியதை அவர் கண்டார். மீண்டும் ஹஜ் செய்துவிட்டு, மேற்கு நோக்கிப் பயணமானார். 1349இல் மொராக்கோ மண்ணை மிதித்தார். தாஸா என்னும் ஊருக்கு வந்தபோது செய்தி எட்டியது: தாயார் அந்தக் கொள்ளைநோயில் இறந்துவிட்டார். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துத் தாஞ்சியருக்குப் போனவர், தாயின் கப்ரைத்தான் ஸியாரத் செய்தார்.

அவருடைய பயணத்தின் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 1,17,000 கிலோமீட்டர் என்று மதிப்பிடுகிறார்கள். அத்தனை தூரம் கடந்தவருக்குக் கடைசிச் சில நாள் வழிதான் எட்டாமற் போயிற்று. தாயில்லாத ஊர் அவரை நிறுத்திவைக்கவும் இல்லை. ஸ்பெயினுக்கும், பிறகு சஹாராவைக் கடந்து மாலிக்கும் புறப்பட்டுவிட்டார். 1355இல் தம் பயணங்களைச் சொல்லி எழுதுவித்த நூல் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. ஆனால் அந்தக் கதைகளைக் கேட்க முதல் உரிமை பெற்றிருந்தவர் கேட்காமலே போய்விட்டார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் இன்னொன்றை மட்டும் நினைவூட்டினேன். போருக்குப் புறப்பட அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் இருக்கிறார்களா என்று வினவி, அவர்களுக்குப் பணிவிடை செய்யும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள் அல்லவா? அது அவர் அறிந்த ஹதீஸ்தான்.

வீட்டு வாசலில் தாயார் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். மகனைக் கண்டதும் அழவும் இல்லை, ஓடி வரவும் இல்லை. "அஸருக்கே வருவேன் என்று சொன்னாயே, மஃரிபு ஆகப்போகிறது" என்று கடிந்துகொண்டார். பகல் முழுவதும் அவர் அந்த நாற்காலியிலேயே இருந்ததாகப் பேத்தி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

இது நடந்து மூன்று மாதம் கழித்து, ஒரு ஜும்ஆவுக்குப் பின் அவரைக் கண்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்றார். அம்பத்தூரில், தொழில் கற்ற நாள்களில் பழகியதைப் போன்றதொரு பட்டறையில் சேர்ந்திருக்கிறார். கப்பலில் வாங்கிய சம்பளத்தில் நாலில் ஒரு பங்குதான்.

"கல்யாணத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?"

"பள்ளிவாசலில் நிகாஹ், வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் சொன்னேன். மண்டபமும் வேண்டாம், கைக்கூலியும் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அல்ஹம்து லில்லாஹ்."

நம் பிள்ளைகளைக் கடல் கடத்தி அனுப்புவது வறுமை மட்டுமன்று என்பதை அன்று உணர்ந்தேன். ஒருநாள் விருந்துக்கும், மண்டபத்துக்கும், நகைக்கும், மார்க்கம் அனுமதிக்காத கைக்கூலிக்கும் ஈடாக ஒரு தாயின் எத்தனை மாதங்களைக் கொடுத்துவிடுகிறோம்! நிகாஹ் எளிதானால் சில தந்தையர் ஒரு பயணம் முன்னதாகவே திரும்பிவிடுவார்கள்.

"வீட்டிலே இருக்கிறேன் என்று அம்மா தினமும் ஏசுகிறார்கள் ஹஜ்ரத். விளக்கை அணைக்கவில்லை, செருப்பை ஒழுங்காக விடவில்லை என்று காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் ஓயாது" என்று சிரித்தார் அவர். பிறகு, அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லி ஸலாம் கூறிவிட்டு விரைந்தார்.