ஓர் இரவுக்கான சரக்கு

பிராட்வே என்றதும் சென்னைவாசிகளுக்கு நினைவுக்கு வருவது பிரகாசம் சாலையும் அங்குள்ள நெரிசலும்தான். எர்ணாகுளத்திலும் ஒரு பிராட்வே இருக்கிறது. பெயரில் உள்ள அகலம் தெருவில் இல்லை. இருபுறமும் கடைகள், கடைகளுக்கு முன்னால் நடைபாதை வியாபாரிகள், மிச்சமுள்ள இடத்தில் ஜனங்கள். குடை, துணி, மசாலா, பொம்மை என்று எதைத் தேடி வந்தாலும் கிடைக்கும். மேற்கே சில நிமிட நடையில் ஷண்முகம் சாலை. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்த கோவைக்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் பெயரைத் தாங்கிய சாலை. ஒரு காலத்தில் காயலின் கரை அதுவாகத்தான் இருந்தது. பிறகு காயலைத் தூர்த்து மரைன் டிரைவ் வந்தது.

டிசம்பரில் பிராட்வேயின் நிறமே மாறிவிடுகிறது. கடை வாசல்களில் நட்சத்திரங்கள் தொங்குகின்றன. மூங்கில் பிளாச்சில் காகிதம் ஒட்டிய பழைய ரகம் ஓரமாக. பிளாஸ்டிக்கும் மின்விளக்கும் சேர்ந்த புது ரகம் முன்வரிசையில். பக்கத்திலேயே குவியல் குவியலாகச் சிவப்புக் குல்லாய்கள், ஜிகினா மாலைகள், முகமூடிகள், ஊதுகுழல்கள். பெரும்பாலும் ஓர் இரவுக்கான சரக்கு. விலையும் அதற்கேற்ற விலை. பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத விலை.

இந்தச் சரக்கில் ஒரு பகுதி காயலைத் தாண்டி ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. உயர் நீதிமன்றத்தை ஒட்டிய துறையில் வாட்டர் மெட்ரோ ஏறினால் சுமார் இருபது நிமிடப் பயணம். படகு பேட்டரியில் ஓடுகிறது, புகை இல்லை. அக்கரையில் 1984 முதல் நடந்துவரும் கொச்சி கார்னிவலின் உச்சகட்டம், டிசம்பர் 31 நள்ளிரவில் ‘பாப்பாஞ்ஞி’யை எரிப்பது. கிழவர் என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் என்பார்கள். கழிந்த ஆண்டின் உருவம் அவர். வைக்கோல், சாக்கு, பழந்துணி ஆகியவைதான் பாப்பாஞ்ஞியின் பழைய உடம்பு. வீட்டில் வேண்டாததையெல்லாம் சேர்த்துச் செய்து, சாம்பலாக்கி, ஆண்டை முடித்துக்கொண்டார்கள். இன்று அவர் பல மாடி உயரத்துக்கு வளர்ந்துவிட்டார். அவரைப் பார்க்க வரும் கூட்டமும் வளர்ந்துவிட்டது. கிழவர் சாம்பலாகிவிடுகிறார், குல்லாயும் ஊதுகுழலும் மைதானத்திலேயே கிடக்கின்றன.

இது கொச்சியின் தனிக் குணமல்ல. பிரிட்டனின் இசை விழாக்களுக்குப் போகிறவர்கள் வயல்வெளியில் கூடாரம் அடித்து மூன்று, நான்கு இரவுகள் தங்குவார்கள். விழா முடிந்ததும் பலர் கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்நாட்டின் தனியார் விழா அமைப்பாளர்களின் சங்கம் 2019இல் சொன்ன கணக்கு, ஆண்டுக்கு 2,50,000 கூடாரங்கள். ஒரு கூடாரத்தின் சராசரி எடை மூன்றரைக் கிலோ; அதில் உள்ள பிளாஸ்டிக், 8,750 உறிஞ்சுகுழல்களுக்குச் சமம். பூமியைக் காப்போம் என்று மேடையில் பேசுவதைக் கைதட்டிக் கேட்ட அதே கூட்டம்தான் இது. தர்ம ஸ்தாபனங்கள் எடுத்துக்கொள்ளும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. ‘விழாக் கூடாரம்’ என்று பெயர் சூட்டி மலிவாக விற்காதீர்கள் என்று பெரிய கடைகளிடம் அந்தச் சங்கம் முறையிட வேண்டியிருந்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. அதே 2019இல் கிளாஸ்டன்பரி விழாவில் 99.3 சதவிகிதக் கூடாரங்கள் வீடு திரும்பிவிட்டதாக அமைப்பாளர்கள் அறிவித்தார்கள்.

நம் ஊரிலும் கூடாரம் உண்டு, பந்தல் என்கிறோம். கல்யாணப் பந்தலை யாராவது விட்டுவிட்டுப் போனதுண்டா? மறுநாள் காலையில் பந்தல்காரர் வந்து நிற்பார். கம்பை எண்ணுவார், துணியைச் சுருட்டுவார், ஒரு பாய் குறைந்தாலும் கேட்பார். வாடகைப் பாத்திரக் கடைக்காரரும் அப்படித்தான். நம்மைவிட அவர்கள் இயற்கையை அதிகம் நேசிக்கிறார்கள் என்பதல்ல காரணம். அந்தப் பொருளுக்கு மறுநாளும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவ்வளவுதான். 2015இல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் மாநில அரசின் சுசித்வ மிஷன் கொண்டுவந்த ‘பசுமை நடைமுறை’யும் இதே வழியில்தான் போனது. வீசி எறியும் தட்டும் டம்ளரும் வேண்டாம், கழுவிப் பயன்படுத்துவதே போதும் என்பது அதன் சாரம். பிறகு அது கல்யாண மண்டபங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் பரவியது.

பிராட்வேயின் குல்லாய்க்கு அப்படிச் சொந்தக்காரர் யாரும் இல்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அமலுக்கு வந்த தடைப் பட்டியலில் பலூன் குச்சி உண்டு, பிளாஸ்டிக் கொடி உண்டு, அலங்காரத் தெர்மோகோலும் உண்டு. குல்லாயும் மின்நட்சத்திரமும் இல்லை. கேட்பதைத்தானே விற்கிறோம் என்பது வியாபாரியின் நியாயம். விற்பதைத்தானே வாங்குகிறோம் என்பது வாங்குபவரின் நியாயம். விழா அமைப்பாளருக்கோ, நுழைவாயிலில் ஒரு பச்சைப் பலகை வைத்ததோடு கடமை முடிந்தது.

மூன்று நியாயங்களும் போய்ச் சேர்ந்த இடம், நகருக்குக் கிழக்கே கடம்பிரயாறும் சித்திரப்புழையும் கூடும் பிரம்மபுரம். கொச்சியின் குப்பை ஆண்டுக்கணக்கில் அங்கேதான் மலையாகக் குவிந்தது. 2023 மார்ச் 2ஆம் தேதி அது தீப்பிடித்தது. அணைக்கப் பத்து நாட்களுக்கு மேல் ஆயிற்று. பிளாஸ்டிக் புகை நகரத்தைப் போர்த்தியது, பள்ளிகளை மூடினார்கள், வெளியே வராதீர்கள் என்று மக்களை எச்சரித்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. யார் வீட்டுக் குல்லாய், யார் வீட்டுப் பை என்று புகை பிரித்துப் பார்க்கவில்லை. அதிகம் அவதிப்பட்டவர்கள், கதவை மூடிக்கொள்ள வசதியில்லாமல் அருகிலேயே குடியிருந்தவர்களும் வெட்டவெளியில் வேலை பார்த்தவர்களும்தான்.

தீர்வு தமிழ்நாட்டிலேயே ஒரு மலையில் கிடைத்தது. நீலகிரியில் சுற்றுலாப் பயணிகள் காட்டுக்குள் வீசிய மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 முதல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. காட்டில் கிடந்த பாட்டிலுக்குத் திடீரென்று ஒரு சொந்தக்காரர் முளைத்தார். பின்னர் கேரளமும் இதைப் பின்பற்றியது.

பாட்டிலுக்குச் செல்லுபடியாவது நட்சத்திரத்துக்கும் குல்லாய்க்கும் செல்லாதா? விற்ற கடையே ஜனவரியில் திரும்ப வாங்கலாம். நட்சத்திரங்களை வாடகைக்கும் விடலாம். கார்னிவல் மைதான வாசலில் குல்லாயைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போகலாம். மூங்கிலும் காகிதமும் மறுபடி முன்வரிசைக்கு வரலாம். இதற்கெல்லாம் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. பந்தல்காரரின் கணக்குப் புத்தகமே போதும். அதுவரை நுழைவாயிலில் வைக்கும் பச்சைப் பலகையும், விழா முடிந்ததும் குப்பையோடு சேர வேண்டிய ஓர் இரவுச் சரக்குதான்.