கல்கிசையும் முறியாத கணக்கும்

கோட்டைப் புகையிரத நிலையத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் கரையோர வண்டியில் ஏறி, வலப்பக்கத்து யன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டால், கல்கிசை வரைக்கும் கடல் நம்மோடு கூடவே வரும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை என நிலையங்கள் ஒவ்வொன்றாய்க் கழியும். அலை பெருகும் காலங்களில் உப்புநீர்த் திவலைகள் சட்டையை நனைப்பதும் உண்டு.

கல்கிசை என்றதும் பலருக்கு நினைவு வருவது தேசாதிபதி சேர் தோமஸ் மெயிற்லன்ட் வாழ்ந்த கடலோர மாளிகையும், அவரையும் ஓர் ஆடல்மகளையும் இணைத்துச் சொல்லப்படும் காதற்கதையுமே. அக்கதையைச் சொல்ல ஆட்கள் பலர் உளர். நான் சொல்ல வந்தது, அம்மாளிகைக்கு அயலிலுள்ள கல்லூரியின் விளையாட்டு மைதானத்தைப் பற்றி.

புனித தோமஸ் கல்லூரி முதலில் இங்கு இருந்ததன்று. 1851 இல் கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்தில் தொடங்கி, 1918 இல் கல்கிசைக்கு இடம் பெயர்ந்தது. றோயல் கல்லூரியோடு அது ஆடிவரும் ஆண்டுப் போட்டி 1879 இல் ஆரம்பமானது. அதன் பழைய கதைகளுள், 1885 இல் றோயல் அணி முழுவதும் 9 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது ஒன்று. அப்போட்டியில் வென்றவர் யார் என்ற வழக்கு இரு கல்லூரிகளின் பழைய மாணவரிடையே இன்னும் தீர்ந்தபாடில்லை.

இக்கல்கிசைக் கல்லூரியின் மாணவராயிருந்த துலீப் மென்டிஸ் 1972 இல் அப்போட்டியில் 184 ஓட்டங்கள் குவித்தார். இனி எவர் அதைத் தாண்டுவார் என்று பேசினர். எட்டே ஆண்டுகளில், 1980 இல், றோயல் கல்லூரியின் சுமித்ர வர்ணகுலசூரிய 197 எடுத்துத் தாண்டினார். ஆகவே, பயிற்சி பார்க்க நிற்கும் முதியவர் ஒருவர், “அந்தக் காலத்து ஆட்டத்தை இனி யார் ஆடப்போகிறார்கள், தம்பி?” என்று பெருமூச்சு விடும்போது, பக்கத்தில் நிற்கும் மாணவர் சிரிப்பதில் வியப்பில்லை. எல்லாச் சாதனையும் முறியும் என்பது அவர்கள் கட்சி. எதுவும் முறியாது என்பது முதியவர் கட்சி. இரண்டு கட்சிக்கும் கொழும்பு நகரிலேயே சான்று கிடைக்கும்.

மாணவர் கட்சிக்கு முதலிற் சான்று தருவேன். 1997 ஆகஸ்டில், கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லாத பிரேமதாச அரங்கில், சனத் ஜயசூரியவும் ரொஷான் மகாநாமவும் இந்தியாவுக்கு எதிராக இரண்டாம் விக்கெட்டுக்கு 576 ஓட்டங்கள் சேர்த்தனர். டெஸ்ட் போட்டிகளில் அதற்கு முன் எந்த இணையும் அத்தனை சேர்த்ததில்லை. ஒன்பதே ஆண்டுகள் சென்றன. 2006 யூலையில், அதே நகரில், சிங்கள விளையாட்டுக் கழக மைதானத்தில், தென்னாபிரிக்காவுக்கு எதிராக இலங்கை 14 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகளை இழந்து தள்ளாடிய வேளையில் குமார் சங்கக்காரவும் மகேல ஜயவர்தனவும் சேர்ந்தனர். அவர்களைப் பிரிப்பதற்குள் 624 ஓட்டங்கள் சேர்ந்துவிட்டன. சங்கக்கார 287, மகேல 374.

முதியவர் கட்சிக்குரிய சான்று டொன் பிரட்மன். அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து செல்லும் கப்பல்கள் கொழும்பில் தங்கிச் செல்லும் வழக்கம் இருந்ததால், அப்பெருமகனை நம் மக்கள் கண்ணாரக் காணும் பேறு பெற்றனர். 1948 மார்ச்சில் கொழும்பு ஓவல் மைதானத்தில் அவர் 20 ஓட்டங்களே எடுத்தார். பின்னர் அளந்து பார்த்தபோது ஆடுகளம் 22 கஜத்துக்குப் பதிலாக 20 கஜமாகவே இருந்ததாம்! அவ்வாண்டு ஆகஸ்டில், இலண்டன் ஓவலில், தமது கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் அவர் நான்கு ஓட்டங்கள் எடுத்திருப்பின் சராசரி நூறாகியிருக்கும். எடுத்தது பூச்சியம். 52 டெஸ்ட் போட்டிகள், 6,996 ஓட்டங்கள், சராசரி 99.94. நெடுங்காலம் ஆடிய ஏனைய பெருவீரர் எவரும் அறுபதுக்கு அண்மையிலேயே நின்றுவிட்டனர்.

இவ்வேறுபாடு ஏன்? மொத்தமாகக் கூட்டிச் சேர்க்கும் சாதனைகள் போட்டிகள் பெருகப் பெருகப் பெருகும். சச்சின் டெண்டுல்கர் 200 டெஸ்ட் போட்டிகளில் 15,921 ஓட்டங்கள் சேர்த்தார். 2025 இல் இங்கிலாந்தின் ஜோ ரூட் 13,000 ஐத் தாண்டி அவரைத் தொடர்ந்தார். அது உண்டியலில் காசு போடுவது போன்றது. சராசரியோ சகாக்களை விட ஒருவர் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்பதன் அளவு.

வெள்ளவத்தையில் ரொறன்ரோவில் பிள்ளைகள் உள்ள வீடுகள் பல. அப்பிள்ளைகள் பார்க்கும் பேஸ்போல் ஆட்டத்திலும் இதே கேள்வி உண்டு. பேப் ரூத்தின் 714 ‘ஹோம் ரன்’களை ஹாங்க் ஆரன் தாண்டி 755 எடுத்தார், அதையும் பாரி பொண்ட்ஸ் 2007 இல் தாண்டினார். ஆனால் 1941 இல் டெட் வில்லியம்ஸ் எட்டிய .406 என்ற துடுப்பாட்டச் சராசரிக்குப் பின்பு பெரிய அணிகளில் ஒரு பருவம் முழுதும் ஆடிய எவரும் .400 ஐத் தொட்டதில்லை. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற உயிரியல் அறிஞர் இதற்கு அழகிய விளக்கம் தந்தார். வல்லவர்கள் குறைந்துவிடவில்லை, எல்லாரும் வல்லவராகிவிட்டனர். பந்து வீசுவோரும் களத்தில் தடுப்போரும் சிறந்துவிட்டமையால், பின்தங்கியவரும் முன்னோடியும் நெருங்கி நிற்கின்றனர். ஒருவர் தனித்து வானுயர எழுவது அரிதாகிறது. வகுப்பில் நாற்பது பேரும் எண்பது புள்ளி வாங்கினால் முதலாமவரின் பெருமை குறைந்து தோன்றுவது ஆசிரியர்களுக்குத் தெரிந்ததே.

சங்கக்காரவின் கதை இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. பிரட்மன் 12 இரட்டைச் சதங்கள் அடித்தவர். சங்கக்கார 134 டெஸ்ட் போட்டிகளில் 11 அடித்தார். 2012 இல் காலியில் பாகிஸ்தானுக்கு எதிராக 199 ஓட்டங்களுடன் அவர் நிற்கையில் மறுமுனைத் துணைகள் தீர்ந்துபோயின. ஒரே ஓட்டம்! 2015 ஆகஸ்டில் அவர் தமது கடைசி டெஸ்ட் போட்டியை ஆடியது, முன்பு பிரட்மன் ஆடிய அதே ஓவல் மைதானத்திலேயே. 32 ஓட்டங்கள், பின்பு 18. இருமுறையும் அஸ்வினின் பந்துக்கே ஆட்டமிழந்தார்.

தாமாகவே கைவிட்டவரும் உண்டு. 2025 யூலையில் புலவாயோவில் தென்னாபிரிக்கத் தலைவர் வியான் முல்டர், லாராவின் 400 க்கு இன்னும் 33 ஓட்டங்களே தேவைப்பட்ட நிலையில் 367 உடன் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். எனக்கு அது பிடிக்கிறது. என் மாணவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஓவல் மைதானம் தமிழ் யூனியன் கழகத்துக்குரியது. இப்போது பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பொரளையை அடுத்த வனாத்தமுல்லையில், சுற்றிலும் வீடுகள் நெருங்கிய இடம். கொட்டாஞ்சேனையிலிருந்து முச்சக்கர வண்டியில் சிறு பயணம். இதற்கு அயலிலுள்ள வெஸ்லி கல்லூரியில் படித்து, இக்கழகத்துக்கு ஆடியவர் மகாதேவன் சதாசிவம். 1947 இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் அடித்தார். மறு ஆண்டு பிரட்மனின் அணிக்கு எதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவரது ஆட்டத்தைக் கண்டவர்கள் கணக்கைப் பேசுவதில்லை. பந்து எல்லையை நோக்கி ஓடிய விதத்தைப் பேசுவார்கள். அவர் விளையாடிய நாட்களில் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி இல்லை. ஆதலால் எந்தச் சராசரிப் பட்டியலிலும் அவர் பெயரை பிரட்மனுக்குக் கீழேயோ சங்கக்காரவுக்கு மேலேயோ எழுத வழியில்லை.

1981 இல் அந்தத் தகுதி கிடைத்தது. இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி 1982 பெப்ரவரி 17 ஆம் திகதி, இங்கிலாந்துக்கு எதிராக, இதே ஓவலில் தொடங்கியது. சதாசிவம் 1977 இலேயே காலமாகிவிட்டார்.