விழுந்த பிறகு ஓடப் பழகினேன்

ஒவ்வொரு வருடமும் முதல் சினோ கொட்டியதும் எங்கள் வீட்டில் ஒரு சண்டை தொடங்கும். "இஞ்சருங்கோ, இந்தக் குளிருக்குள்ளையும் ஓடத்தான் வேணுமோ?" என்று மனைவி கேட்பா. நான் பதில் சொல்லாமல் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவேன்.

ஸ்காபரோவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் ஓடத் தொடங்கியது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது என்று வைத்தியர் சொன்ன பயம். ஊரில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் வெறுங்காலோடு மணலில் ஓடியவன் நான். எனக்குச் சினோ என்ன பெரிய காரியம் என்ற எண்ணமும் இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்பு எனக்கு ஒரு ஆசை வந்தது. ஹமில்டனில் வளைகுடாவைச் சுற்றி ஓடும் 30 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று உண்டு. 1894இல் தொடங்கியது, பொஸ்டன் மரதனைவிட மூன்று வருடம் மூத்தது. அது மார்ச் கடைசியில் நடப்பதால் பயிற்சி முழுவதும் தை, மாசிக் குளிருக்குள்தான். ஒரு அட்டவணை எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினேன். அதில் ஒரு நாளும் தவறக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

ஜனவரியில் ஒரு நாள் வெயில் எறித்துச் சினோ உருகியது. இரவில் திரும்பவும் உறைந்தது. விடிய ஆறு மணிக்கு, மனைவி எழும்ப முதல், தொலைபேசியையும் எடுக்காமல் இறங்கிவிட்டேன். தெரு ஈரமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அது ஈரமல்ல, கறுப்பு ஐஸ். தார் அப்படியே தெரிகிற மெல்லிய கண்ணாடி போன்றது. ஒரு திருப்பத்தில் கால் முன்னே போக உடம்பு பின்னே போனது. கையை ஊன்றினேன். மணிக்கட்டில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

எழும்ப முடியவில்லை. எத்தனை நிமிடம் கிடந்தேனோ தெரியாது. வியர்வையில் நனைந்த பருத்திப் பெனியன் முதுகில் ஐஸாக ஒட்டியது. வாசலில் சினோ வழிக்க வந்த ஒரு சீனக் கிழவர்தான் என்னைக் கண்டு, தன்னுடைய கோட்டைப் போர்த்தி, அம்புலன்சுக்கு அடித்தார்.

ஆறு கிழமை கட்டு. மகள் வந்து, "அப்பா, இனிக் காணும்" என்றாள். மனைவி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "நீங்கள் ஓடுங்கோ. ஆனால் எங்கை போறியள், எப்ப வருவியள் எண்டு சொல்லிப்போட்டு ஓடுங்கோ. நான் எழும்பிப் பார்க்கேக்கை கட்டில் வெறுமையாக் கிடந்தது" என்றா. அந்தக் கடைசி வார்த்தைதான் கைவலியைவிட வலித்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையில் ஓடப் பழகினேன்.

இப்போது தூரத்தைக் கணக்கு வைப்பதில்லை, நேரத்தை மட்டும். சினோவில் நாற்பது நிமிடம் ஓடினால் காணும். வேகம் குறையத்தான் செய்யும், மூச்சு சொல்வதே அளவு. அடியைச் சிறிதாக்கி, கால் உடம்புக்கு நேர் கீழே விழும்படி வைப்பேன். சப்பாத்துக்கு மேல் மாட்டுகிற முள்ளு வைத்த இறப்பர் வாங்கினேன். பருத்தி உடுப்பை விட்டேன். உள்ளே வியர்வையை வெளியே விடும் மெல்லிய துணி, வெளியே காற்றைத் தடுக்கும் சட்டை. வீட்டை விட்டு இறங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அப்போதே சூடாக இருந்தால் உடுப்புக் கூடிவிட்டது என்று அர்த்தம். போகும்போது காற்றை எதிர்த்துப் போவேன், வியர்த்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்.

இருட்டில் போவதில்லை. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினால் வெளியே போவதே இல்லை. அந்தக் குளிரில் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று வானிலைக்காரர் எச்சரிப்பார்கள். அப்படியான நாட்களில் மோர்னிங்சைட் பக்கம் உள்ள பான் ஆம் விளையாட்டு மையத்து உள்ளரங்கப் பாதையில் சுற்றுவேன். சினோ வழித்த நாளில் ஓட்டமே இல்லை. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும். அதற்கு மேல் சவளால் பாரம் தூக்கினால் இதயத்துக்கு அதுவே பெரிய வேலை. எங்கள் வயதுக்காரர் இதை மறக்கக்கூடாது.

அந்த வருட ஓட்டத்தைக் கட்டுப் பிரித்த கையோடு தெருவோரம் நின்று பார்த்தேன். அடுத்த வருடம் ஓடினேன். என்ன நேரம் எடுத்தது என்று கேட்காதீர்கள். முடிவுக் கோட்டில் மனைவி பிளாஸ்கில் தேத்தண்ணியோடு நின்றா.

குளிர்சாதனப்பெட்டியில் இப்போது அட்டவணை இல்லை. ஒரு துண்டுக் கடதாசிதான். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் அதில் எழுதிவிட்டுப் போவேன்.

இன்று காலை உறைமழை, விழுந்தவுடன் ஐஸாகிற மழை, என்று வானொலி சொன்னது. கடதாசியில் "வீட்டில்" என்று எழுதிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.