கல் வீடும் மண் தாழியும்

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியம்மனைத் தரிசித்து, நாயக்கர் மகாலையும் பார்த்துவிட்டு ரயிலேறி விடுகிறார்கள். அவர்களை நாம் தென்கிழக்கே 12 கிலோமீட்டர் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அங்கே இருப்பது கீழடி. அதை அடுத்துக் கொந்தகை. முன்னது வாழ்ந்தவர்களின் ஊர். பின்னது அவர்களுடைய இடுகாடு.

ஆதிகாலத்தில் இறந்தோருக்கு நம் முன்னோர் வீடு கட்டினார்கள் என்றால் மிகையில்லை. பழனி மலைமீது அவ்வீடுகள் கல்லால் ஆனவை. பலகைக் கற்களை நாற்புறமும் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக ஏற்றியிருக்கிறார்கள். மண்ணைச் சரிவாகக் கொட்டி அதன்மேல் அக்கல்லைத் தள்ளியிருக்க வேண்டும். இந்தக் கற்றிட்டைகளைப் பற்றி 1928-லேயே தொல்பொருள் இலாகா ஒரு நூல் வெளியிட்டது.

வைகைக் கரையிலோ வெட்ட வெட்ட மண்தான். யானைமலையிலிருந்து கல் கொண்டுவரக் கூடாதா என்று வாசகர் கேட்கலாம். கொண்டுவந்திருக்கலாம், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் குயவர் இருக்கும்போது அது எதற்கு? ஆகவே மலையில் கல் தச்சன் செய்த வேலையைச் சமவெளியில் குயவன் செய்தான். சுமார் மூன்றடி உயரத் தாழியைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் எழுப்ப முடியாது. களிமண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி வைத்து, ஒரு சுற்று இறுகிய பிறகே அடுத்த சுற்றை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் தன் பாரத்தாலேயே சரிந்துவிடும். பிறகு உலர்த்திச் சுட வேண்டும். புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாகச் செய்யும்படி குயவனை வேண்டுகிறாள். அந்த வேண்டுகோளின் பாரம், தாழி செய்யும் சிரமத்தை அறிந்தவர்களுக்கே நன்கு விளங்கும்.

கீழடியில் 2015-ல் அகழ்வு தொடங்கியது. அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. ஆறாம் நூற்றாண்டினது என்று 2019-ல் அறிவித்தார்கள். மறு ஆண்டு மாநிலத் தொல்லியல் துறையினர் கொந்தகையையும் தோண்டினார்கள். தாழிகளுக்குள் மண்டையோடு, எலும்பு, கறுப்பும் சிவப்புமான சிறு கலயங்கள். ஒன்றில் சூதுபவள மணிகள். இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு லிவர்பூல் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் உருவாக்கிய முகங்கள் 2025-ல் வெளியாயின. பார்த்தோம், நம் தெருவிலே எதிர்ப்படக்கூடிய முகங்கள்தாம்.

கொந்தகைக்கு நல்ல காலம். 1876-ல் ஆதிச்சநல்லூரைத் தோண்டிய ஜாகர் என்னும் ஜெர்மானியர், அகப்பட்டதைப் பெர்லினுக்குக் கொண்டு போனார். மதுரைக்கு அருகே அனுப்பானடியிலும் பரவையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டர் ரீ தாழிகளைக் கண்டார். இன்று அனுப்பானடி மதுரை நகருக்குள் அடங்கிவிட்டது. அந்நியர் கொண்டு போனதைவிட நாமே உடைத்தது அதிகம். கிணறு வெட்டும்போது தாழி அகப்பட்டால் உள்ளே பொன் இருக்குமென்று கடப்பாரை போடுகிறோம். இருப்பது எலும்பு, அதை வரப்பில் வீசுகிறோம்.

பாண்டி நாட்டில் நிலம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மண்வெட்டியில் வட்டமாக ஓட்டு விளிம்பு தட்டுப்பட்டால், வெட்டுவதை நிறுத்திவிட்டுத் தாசில்தாருக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.