ஒற்றை ஆளுக்கு ஒரு கிண்ணம்

அன்புள்ள அக்காவுக்கு,

பெங்களூரிலிருந்து பெரியவன் வாங்கி அனுப்பிய ஓவன் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வந்ததோடு சரி, இப்போது அதன் தலைமேல் வற்றல் டப்பாக்கள்தாம் வாசம் செய்கின்றன என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்துவிட்டு, "ஒத்த ஆளுக்கு அதுல என்னத்தப்பா செய்யறது?" என்று நீங்கள் கேட்டபோது நான் பேச்சை வேறு விஷயத்துக்குத் திருப்பிவிட்டேன், ஏனெனில் அதற்குரிய பதில் தொலைபேசியில் சொல்லி முடிகிற அளவில் இல்லை. ராசிபுரத்தில் நீங்கள் ஒருவராகவும், ஜார்ஜியா மாகாணத்தில் அட்லாண்டா நகரத்துக்கு வெளியே நான் ஒருவனாகவும் அடுப்புப் பற்றவைக்கும் காலம் வந்துவிட்டபடியால், அந்தக் கேள்வியில் எனக்கும் பாத்தியதை உண்டு.

நம் சேலம் ஜில்லாச் சமவெளியில் (நாமக்கல் தனி ஜில்லாவாகி எத்தனையோ வருஷமாகியும் எனக்கு இரண்டும் ஒன்றாகவே மனத்தில் இருக்கின்றன) தித்திப்பு என்பது கூட்டத்துக்கென்றே ஏற்பட்டது. பாயசம் என்றால் அண்டா, கச்சாயம் என்றால் கூடை, ஒப்பிட்டு என்றால் அண்டை வீடு நாலுக்கும் சேர்த்துப் பிசைந்த பூரணம்; மாம்பழமோ வைக்கோல் பரப்பிய அறையில் பழுக்கப் போட்டு, தினந்தோறும் புரட்டிப் பார்த்து, வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுப்பது. இந்தச் சம்பிரதாயத்தில் வளர்ந்த ஒருவர் தனியாளாகிவிட்டால், சாதத்தையும் ரசத்தையும் ஒருவருக்கு என்று அளந்துகொள்ளப் பழகிவிடுகிறாரேயொழிய, தித்திப்பை மட்டும் அடியோடு விட்டுவிடுகிறார். தனக்கென்று மட்டும் ஒரு பட்சணம் செய்து உண்பதில் ஏதோ ஒரு கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சம் அநாவசியம் என்பதே என் அபிப்பிராயம்; அதைத்தான் இன்று உங்களோடு சற்று விஸ்தாரமாக வாதாட உத்தேசித்திருக்கிறேன்.

காப்ளர் என்று இந்நாட்டில் ஒரு பதார்த்தம் உண்டு. கிண்ணத்தின் அடியில் சர்க்கரை புரட்டிய பழத்துண்டுகள், அவற்றின்மேல் வெண்ணெய் பிசிறிய மாவு கவளம் கவளமாக, பிறகு ஓவன்: இவ்வளவுதான் அதன் சாஸ்திரம். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய ஜனங்கள், தாய்நாட்டில் தாங்கள் செய்துவந்த புட்டிங்குக்கு வேண்டிய சாமான்கள் இங்கே அகப்படாமற்போகவே, கிடைத்த பழத்தையும் இருந்த மாவையும் கனத்த இரும்புப் பானையில் இட்டு, கீழே தணலும் மூடியின்மேல் தணலுமாக வைத்துச் சுட்டதிலிருந்து இது பிறந்தது என்பார்கள். ஓவனைக் கண்ணாலும் பாராத காலத்தில் நம் பக்கத்தில் கேக் சுட்டவர்களும் இவ்விதமே மேலும் கீழும் கங்கு வைத்துத்தான் சுட்டார்கள். பிற்பாடு தென்மாகாணத்துச் சமையலறைகளில், பெரும்பாலும் அடிமைத்தளையில் பிறந்த கறுப்பினப் பெண்களின் கைப்பக்குவத்தால், இது இந்தப் பிரதேசத்தின் சொந்தப் பட்சணமாயிற்று. அவ்விதம் அடிமையாகப் பிறந்த ஆபி ஃபிஷர் என்ற அம்மையார், எழுதப் படிக்க அறியாதவர், தம் பக்குவங்களை வாயால் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிக்கொண்டு 1881-இல் சான்பிரான்சிஸ்கோவில் அச்சிட்ட சமையல் புத்தகத்தில் பீச் காப்ளரும் இடம்பெற்றிருக்கிறது. நம் பாட்டியின் கையளவையும் கண்ணளவையும் எழுதிக்கொள்ள நம் வீட்டில் அப்படி ஒருவர் உட்காரவில்லை.

ஒற்றை ஆளுக்குக் கேக்கைவிட இது ஏற்றது என்று நான் சொல்வதற்கு முதற் காரணம் முட்டை. நாடெங்கும் முட்டை அனுப்பும் நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்க உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆயினும் கேக்கின் அளவை நாலில் ஒரு பங்காகக் குறைக்கப் போனால் மாவு குறையும், சர்க்கரை குறையும், முட்டை மட்டும் குறைய மறுத்து முழுதாய் நிற்கும். காப்ளருக்கு முட்டை வேண்டியதில்லை. அடித்து நுரைக்க வேண்டியதும் இல்லை. தனி அச்சும் வேண்டாம். எந்த அளவுக்கும் வளைந்துகொடுக்கும் ஸ்வபாவம் அதற்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது.

இனிப் பழத்துக்கு வருகிறேன். இதில்தான் நம்மூர்க்காரர்களோடு எனக்கு வழக்கு. சேலம் என்றாலே மாம்பழம் என்று பேர் வாங்கிக் கொடுத்தது மல்கோவா. அதற்கடுத்த ஆசனம் இமாம் பசந்துக்கு. குண்டும் செந்தூராவும் மத்திய வரிசை. கிளிமூக்கு மட்டும் கடைசி வரிசையில், பள்ளிக்கூட வாசலில் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுக்கும் தள்ளுவண்டியில். சின்னக்கடை வீதியில் மல்கோவாவுக்குப் பேரம் பேசுகிறவர் கிளிமூக்கைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் அடுப்பு என்று வந்துவிட்டால் இந்த ஜாதி வரிசை தலைகீழாகிவிடுகிறது. மல்கோவாவின் மேன்மை முழுவதும் அதன் வாசனையிலும், வாயில் வைத்ததும் கரைகிற சதையிலும் இருக்கிறது. உஷ்ணம் பட்டதும் வாசனை பறந்துவிட, சதை குழைந்து கூழாகி, புளிப்பின் துணையில்லாத வெறுந் தித்திப்பு மட்டும் கிண்ணத்தில் எஞ்சும். கிளிமூக்கோ கெட்டிச் சதை, தோலை ஒட்டிய சிறு புளிப்பு, அடக்கமான இனிப்பு என்னும் குணங்களால் அரைமணி நேரத்துச் சூட்டையும் துண்டு சிதையாமல் தாங்கி, சர்க்கரையைத் தன் புளிப்பினால் சமன் செய்துகொண்டு, சுடச்சுடச் சாப்பிடும்போது பச்சையாகத் தின்றபோது காட்டாத ஒரு கம்பீரத்தைக் காட்டுகிறது. நல்ல மல்கோவாவைக் கத்தியும் கையுமாக உட்கார்ந்து அப்படியே தின்றுவிடுங்கள். அதை ஓவனில் வைப்பது பாபம்.

இன்னொன்று. இந்தியாவிலிருந்து மாம்பழம் இந்நாட்டுக்குள் வர 2007-இல்தான் மறுபடி கதவு திறந்தது; அதுவும் கதிர்வீச்சில் காட்டிய பிறகே கப்பலேறவோ விமானமேறவோ அனுமதி. எங்கள் பக்கத்து இந்தியக் கடைக்கு வருகிற சொற்பமும் பிற மாகாணத்து ஜாதிகள். மல்கோவாவை நான் இங்கே கண்டதில்லை. ஆனால் கிளிமூக்கு வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டது. பழைய சேலம் ஜில்லாவின் வடகோடியாக இருந்த கிருஷ்ணகிரியின் ஆலைகளில் கூழாகி, தகர டப்பாவில் அடைபட்டு, அது உலகமெல்லாம் சஞ்சரிக்கிறது. ஊரில் மதிப்பில்லாததுதான் கடல் கடக்கிறது என்று இதைப் படித்ததும் நீங்கள் சொல்லப்போவது எனக்கு இங்கேயே கேட்கிறது.

பழத்தின் சாறு நீர்த்து ஓடாதபடி கெட்டிப்படுத்த ஏதேனும் ஒரு மாவு வேண்டும். இந்நாட்டார் சோளமாவு போடுவார்கள். விஷயம் அறிந்தவர்கள் மரவள்ளி மாவு போடுவார்கள், அதற்கென்றே பொடி ஜவ்வரிசியும் இங்கே மளிகைக் கடைகளில் விற்கிறது. சோளமாவு சாற்றைச் சற்றுக் கலங்கலாக்கும். மரவள்ளி மாவு குறைந்த சூட்டிலேயே இளகிக் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும், அடியிலுள்ள பழத்தின் நிறம் அப்படியே தெரியும். அந்த மாவுக்கு நீங்கள் எங்கும் போக வேண்டாம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் குடிசைத் தொழிலாக ஆரம்பித்தது மரவள்ளியாகிய குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் இந்த முயற்சி. 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டு, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ராசிபுரத்திலிருந்து எந்தத் திக்கில் பஸ் ஏறினாலும் வழியில் ஒரு சேகோ ஆலையின் களத்தில் வெள்ளை வெளேரென்று மாவு காய்கிறது. வீட்டில் இருக்கிற ஜவ்வரிசியை மிக்ஸியில் மைபோலப் பொடித்துச் சலித்துக்கொண்டால் அதுவே போதும். நாம் பாயசத்தோடு நிறுத்திக்கொண்ட பொருளுக்கு இப்படி ஓர் உத்தியோகம் உண்டென்று எனக்குத் தெரிய நான் இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

இப்போது அளவு. தோல் சீவி, விரற்கடை அகலத் துண்டுகளாக நறுக்கிய கிளிமூக்கு 125 கிராம். ஒரு நடுத்தரப் பழத்தில் பாதிக்குச் சற்று மேல் வரும். பழுத்தும் பழுக்காமலும், அழுத்தினால் சற்றே விட்டுக்கொடுக்கிற பருவமாக இருக்கட்டும். அதில் நாட்டுச் சர்க்கரை 2 தேக்கரண்டி, ஜவ்வரிசிப் பொடி அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, இஷ்டமானால் தட்டிய சுக்கு சிறிது போட்டுப் புரட்டி, கிண்ணத்தில் இட்டு, மாவு பிசைவதற்குள் சூடேறும்படி ஓவனில் 190 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்துவிடுங்கள். பழம் சூடாக இருந்தால்தான் மேலே வைக்கும் மாவின் அடிப்பாகம் பச்சையாக நின்றுவிடாமல் வேகும்.

மேல்மாவுக்கு மைதா 25 கிராம், பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இதில் குளிர்ந்த வெண்ணெய் 15 கிராமைச் சிறு துண்டுகளாகப் போட்டு முறுக்கு மாவுக்குப் பிசிறுவது போல விரல்நுனியால் பிசிறவேண்டும். ஆனால் முறுக்குக்குச் செய்கிற அளவு முழுக்கக் கலந்துவிடாமல், துவரம்பருப்பளவு வெண்ணெய்த் துணுக்குகள் அங்கங்கே தென்படும்போதே கையை எடுத்துவிட வேண்டும். அந்தத் துணுக்குகள் ஓவனில் உருகுகையில் அவற்றிலுள்ள ஈரம் ஆவியாகி மாவைப் பொரபொரப்பாகத் தூக்கி நிறுத்துகிறது. நெய்க்குப் பேர்போன ஊரில் உங்களுக்கு வெண்ணெய்க்குப் பஞ்சமில்லை; வீட்டு வெண்ணெயில் மோர் சற்றுத் தங்கியிருக்குமாதலால் பாலை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த பால் ஒரு மேசைக்கரண்டி தெளித்து, வேண்டுமானால் மேலும் அரைக்கரண்டி சேர்த்து, மாவு ஒன்றுகூடிய கணத்திலே நிறுத்திவிடவும்; சப்பாத்திக்குப் பிசைவதுபோல அழுத்திப் பிசைந்தால் தோல்போல ஆகிவிடும். பழத்தின்மேல் மூன்று நான்கு கவளமாக, இடையில் ஆவி போகச் சந்துவிட்டு வைத்து, மேலே பால் தடவி, மறுபடி 190 டிகிரியில் 20 முதல் 25 நிமிஷம். மேலே பொன்னிறம் வந்தால் மட்டும் போதாது. ஓரச் சந்துகளில் சாறு கெட்டியாகக் கொப்பளிக்கவும் வேண்டும், கொப்பளித்தால்தான் ஜவ்வரிசி தன் வேலையை முடித்தது என்று அர்த்தம். எடுத்த பிறகு பத்து நிமிஷம் பொறுங்கள்; ஆறுகையில்தான் சாறு இறுகும்.

கிண்ணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய தட்டுக்குச் சொன்ன பக்குவத்தைக் கணக்கு வாத்தியார்போல ஆறால் வகுத்துச் சின்னக் கிண்ணத்தில் போட்டால் சரிவராது. அளவு சிறுக்கச் சிறுக்க உள்ளிருக்கும் பொருளின் விகிதத்துக்குச் சூடுபடும் பரப்பு அதிகமாகிறது. சாறு சீக்கிரம் வற்றி ஓரம் தீய்ந்துவிடும். ஆகையால் அகலமான தட்டு வேண்டாம், குழிந்த கிண்ணம் வேண்டும். பீங்கான் தேடி அலையவேண்டாம்; 1981-இல் உற்பத்தி தொடங்கிய நம் சேலம் உருக்காலையின் புண்ணியத்தில் எவர்சில்வருக்குப் பேர்போன பிரதேசம் அது, குழம்புக் கிண்ணம் ஒன்று தாராளமாகப் போதும், பிளாஸ்டிக் பிடி மட்டும் கூடாது. சிறிய ஓவனில் மேற்கம்பி மிக நெருக்கத்தில் இருக்கும், கீழ்த்தட்டில் வையுங்கள். நடுவே கரண்ட் போய்விட்டால் கதவைத் திறக்காமல் இருங்கள், உள்ளே இருக்கிற சூடு கொஞ்ச நேரம் சமாளிக்கும்.

இங்கே இது பீச் பழக் காலம். ஜார்ஜியாக்காரர் தங்கள் மாகாணத்தையே பீச் மாகாணம் என்று சொல்லிக்கொள்வார்கள். 1924-இல் ஒரு கவுண்டிக்கே பீச் என்று நாமகரணம் செய்தார்கள். விளைச்சலில் கலிபோர்னியாவும் தென்கரோலினாவும் முந்திக்கொண்டுவிட்டதை மட்டும் யாரும் அவர்களிடம் பிரஸ்தாபிக்கக் கூடாது. 2023-இல் குளிர்காலம் போதிய அளவு குளிராமல், பிறகு பூத்த பூவையும் பின்பனி கருக்கி, பெரும்பகுதி விளைச்சலே இல்லாமற்போயிற்று. இந்தப் பீச்சிலும் கிளிமூக்கு நியாயமே செல்லும்: கனிந்து ஒழுகுவது கைக்கு, சற்றுக் கெட்டியானது ஓவனுக்கு.

உங்களுக்கு மாம்பழம் ஓய்ந்த பிறகு கொல்லிமலை அன்னாசி இருக்கிறது. சாறு அதிகம், ஜவ்வரிசிப் பொடியை முக்கால் தேக்கரண்டியாக்குங்கள். ஏற்காட்டுப் பேரிக்காயைப் பச்சையாகக் கடித்தால் பல் கூசும், வெந்தால் அருமை. பரமத்தி வேலூர் வாழைப்பழத்தைச் சிபாரிசு செய்யமாட்டேன், களியாகிவிடும்.

ஆடி பிறந்துவிட்டதால் கிளிமூக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் தள்ளுவண்டியில் தென்படும். வற்றல் டப்பாக்களை வேறெங்கேனும் குடியேற்றிவிட்டு இந்த வாரமே செய்து பாருங்கள். வாசனை பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுப் பெண் வந்து நிற்பாள், நீங்களும் அவளுக்குக் கொடுக்காமல் இருக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அப்போது பெரிய பாத்திரத்துக்குப் போகாமல் இரண்டாவது கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அளவைத்தான் இரட்டிப்பாக்க வேண்டும். நேரத்தை அல்ல, அது ஓர் ஐந்து நிமிஷம் கூடினால் அதிகம்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி